இதம் தொடாத மண்

உகந்தா வாயைத் திறந்தால் பந்தியில் பாதிப் பேர் கை கழுவ எழுந்துவிடுவார்கள் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் அவள் கெட்ட வார்த்தை பேசுகிறவள் அல்ல. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் உப்பு இல்லை என்பாள், அவ்வளவுதான். ஒரு தடவை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, "ரொம்ப நேரம் காக்க வச்சுட்டோமோ?" என்று கேட்டாள். "ஆமா. போட்ட காப்பி ஆறிப்போச்சு, மறுபடி போட்டேன்" என்றாள் உகந்தா. மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு அவளுக்கு வருஷக் கணக்காகிவிட்டது. சம்பந்தம் அதோடு நின்றது.

அப்போது சாத்தூரில் எல்லோரும் 'கூட'த்தில் இருந்தார்கள். சாத்தூர் என்ன, நாடே அதில்தான் இருந்தது. எழுதுவது, பேசுவது, படம் பிடித்து அனுப்புவது, முதலாளியிடம் லீவு கேட்பது எல்லாம் கூடம் வழியாகத்தான். முன்னொரு காலத்தில் இப்படிப்பட்ட தளங்களில் ஜனங்கள் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்து, சாதிச் சண்டை மூட்டி, சிறு பெண்களைத் தூக்குக் கயிறு வரைக்கும் துரத்தினார்கள். அதற்கு மருந்தாக வந்ததுதான் 'இதம்'. யார் எதை அனுப்பினாலும் நடுவில் இதம் அதைத் தொட்டுத் தடவி, கடுமையை எடுத்துவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அனுப்பினவருக்கு, தான் சொன்னது சொன்னபடியே தெரியும். கேட்கிறவருக்கு நல்லதாகக் கேட்கும், அதுவும் அனுப்பினவரின் குரலிலேயே. கெட்ட வார்த்தையைத்தான் எடுக்கிறது என்று ஜனங்கள் நினைத்திருந்தார்கள். சண்டை குறைந்தது, யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

உகந்தா கூடத்தில் இல்லை. காரணம், அவள் இதத்துக்கே வேலை செய்தாள்.

பைபாஸ் ரோட்டில் பழைய கல்யாண மண்டபம் ஒன்றில் அந்த ஆபீஸ் இருந்தது. ஊரில் அதை டேக் ஆபீஸ் என்பார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, திரையில் வரும் துண்டுப் படங்களைப் பார்த்து, இது வசவு, இது கேலி, இது அழுகை, இது வாழ்த்து என்று குறி போடுவார்கள். அதைப் படித்துத்தான் இதம் தமிழ் கற்றுக்கொண்டது. வேலைக்குச் சேரும்போதே ஒரு நிபந்தனை உண்டு: யாரும் கூடத்தில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இதம் தடவிய பேச்சையே கேட்டுப் பழகினால் காது மழுங்கிவிடுமாம். அதனால் அந்த மண்டபத்துப் பெண்கள் மட்டும் ஊரில் தனிச் சாதி போல் ஆகிப்போனார்கள். அவர்களுக்கு அழைப்பு வராது, செய்தி வராது. அவர்கள் பேச்சும் யாருக்கும் பிடிக்காது.

உகந்தாவின் தங்கை தாரணி அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பஞ்சிங் மிஷினில் இருந்தாள். இரண்டு இரும்புப் பலகைகள் வாய் போலத் திறந்து மூடும். திறக்கும்போது அட்டையை உள்ளே வைத்து, மூடும் முன்பு கையை எடுத்துவிட வேண்டும். கை உள்ளே மாட்டினால் தட்டி நிறுத்த முன்பக்கம் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அந்தக் கம்பி ஒடிந்து வெகுநாளாயிற்று. மிஷினுக்கு அந்தப் பக்கம் சுவிட்சுப் பக்கத்தில் பொன்ராணி நிற்பாள். இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது என்று எல்லோர் காதிலும் பேச்சைக் கொண்டுவரும் சின்னக் கருவி ஒன்றை மாட்டியிருந்தார்கள்; அதற்குக் காதுமணி என்று பேர். அந்தப் பேச்சும் கூடம் வழியாகத்தான் போய் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தாரணியின் இடது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். பொன்ராணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வா" என்றாள் உகந்தா. "நின்னு என்ன ஆகப்போகுது?"

"அவளை வரச் சொல்லாதக்கா" என்றாள் தாரணி, திரும்பாமலே. "தொண்டை கிழிய 'நிறுத்து நிறுத்து'ன்னு கத்துறேன். சுவிட்சு அவ கைக்கு எட்டுற தூரம். சும்மா நிக்கிறா."

பொன்ராணி வாழைப்பழத்தைக் கீழே வைத்தாள். "சாமி சத்தியமாச் சொல்றேன் மதினி" என்று உகந்தாவிடம்தான் சொன்னாள். "எனக்கு அப்படிக் கேக்கல. 'பொன்ராணி, தோதுப்பட்டப்ப நிறுத்திக்கிடு'ன்னு கேட்டுச்சு. இவ குரல்தான். சிரிச்ச மாதிரி இருந்துச்சு. கையில இருந்த அட்டைய அடுக்கிட்டு நிறுத்துவோம்னு இருந்தேன்."

"பொய் சொல்றா."

"இரு" என்றாள் உகந்தா. "உன் போன எடு தாரணி. பொன்ராணி, நீ உன் போனோட வாசலுக்குப் போ. தாரணி, அவகிட்ட என்ன சொல்லணும்னு நெனைக்கிறயோ அதைச் சொல்லு. மனசுல இருக்கிறத."

தாரணி எழுந்து உட்கார்ந்தாள். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "பொன்ராணி, நீதான் என் கைய எடுத்த. இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

வாசலில் பொன்ராணியின் போன் பேசியது. தாரணியின் அதே குரல், அதே இழுப்பு. "பொன்ராணி, நீதான் எனக்குக் கை மாதிரி. அடிக்கடி வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

தாரணி போனைக் கீழே வைத்தாள். உகந்தாவைப் பார்த்தாள். "உங்க ஆபீசு வேலைதானக்கா இது?"

"நாங்க டேக் போடுறோம். அதை வச்சு என்ன செய்வாங்கன்னு எங்களுக்குச் சொல்றதில்ல."

"நீ கேட்டியா?"

"கேக்கல" என்றாள் உகந்தா.

பொன்ராணி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். "இன்னொண்ணு சொல்றேன். நாளையிலேருந்து அந்த மிஷின்ல நான் உக்காரணும். கம்பி அப்படியேதான் கெடக்கு. மாட்டேன்னு அனுப்பிப் பாத்தேன். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி'ன்னு பதில் வருது."

"போகாத."

"நான் போகலைன்னா இன்னொருத்தி உக்காருவா மதினி. சின்னப் பிள்ளை ஒண்ணு புதுசா வந்திருக்கு."

*

மறுநாள் காலை ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு உகந்தா கம்பெனி கேட்டில் போய் நின்றாள். சூப்பர்வைசர் தங்கப்பாண்டி வெளியே வந்தார். அவர் காதிலும் மணி இருந்தது.

"அதைக் கழட்டுங்கண்ணே. கழட்டுனாத்தான் பேசுவேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கழற்றினார். உகந்தா பேசினாள். அவர் முகம் மாறியது. வெகுகாலமாக வெயில் படாத இடத்தில் வெயில் பட்டது போலச் சுருங்கியது. இருந்தாலும் கடைசி வரை கேட்டார்.

"அம்மா, நீங்க என்னைத் திட்டுறீங்க. சரி, திட்டுங்க. இந்தா பாருங்க." தன் போனை நீட்டினார். அதில் அவர் முதலாளிக்கு அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன. கம்பி ஒடிஞ்சிருச்சு. கம்பி மாத்தணும். ஆபத்து. பிள்ளைக பயப்படுது. ஒவ்வொன்றுக்கும் கீழே மஸ்கட்டிலிருந்து மாரிக்கண்ணன் முதலாளியின் பதில்: மகிழ்ச்சி. தொடர்ந்து சிறப்பாகச் செய்யுங்கள்.

"கல்நெஞ்சக்காரர்னுதான் நானும் நெனைச்சிருந்தேன்" என்றார் தங்கப்பாண்டி. "இப்ப நீங்க சொல்றதப் பாத்தா, அவருக்கு என்னத்தப் போயிச் சேந்துச்சோ."

"நேர்ல போன் போடுங்க."

"எந்தப் போனும்மா? எல்லாம் அதுக்குள்ளதான போகுது."

"நீங்களா மிஷின நிறுத்துங்க."

"முதலாளி வாயிலேருந்து ஒரு சொல்லு வராம நிறுத்துனா எனக்கு நாளைக்கு வேலை இருக்காது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். காதுமணியை மறுபடி மாட்டினார். சங்கு ஊதியது. பெண்கள் உள்ளே போகத் தொடங்கினார்கள். பொன்ராணி போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் கேட்டருகே நின்றாள்.

யார் மேல் கோபப்படுவது? எதிரே நின்ற மனுஷன் தப்புச் செய்யவில்லை. மஸ்கட்டில் இருப்பவனுக்குத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு முகமே இல்லை. உகந்தாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அம்மா ஒரே ஒரு தடவை, வரப்பை வெட்டினவன் வீட்டு வாசலில் செய்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறாள். தானும் அப்படிச் செய்யப்போவதாக அவள் நினைத்ததில்லை. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். கேட்டைப் பார்த்து வீசினாள்.

"கம்பி ஒடிஞ்ச மிஷின்ல பொட்டப்பிள்ளைகள உக்கார வச்சுப் பெட்டி செய்யிறவுக, அந்தப் பெட்டியில வச்ச பண்டம் ஒண்ணும் அவுக நாக்குக்கு ருசிக்காமப் போக. என் தங்கச்சிக்குப் போன வெரலு திரும்ப மொளைக்கிற வரைக்கும் இந்த வாசல்ல ஒரு புல்லு மொளைக்காமப் போக. தெரிஞ்சு ஓட்டுனவனும், தெரியாம ஓட்டுனவனும், தெரியவிடாம மறைச்சவனும் இந்த மண்ணாட்டம் பொடிப்பொடியாப் போக."

மண் தங்கப்பாண்டியின் சட்டையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

பொன்ராணி பழக்க தோஷத்தில் போனைத் தூக்கி அதைப் பிடித்திருந்தாள். எதைக் கண்டாலும் பிடிப்பது, பிடித்ததை அனுப்புவது; கை தானாகச் செய்துவிட்டது. தாரணிக்கு அனுப்பிவிட்டு, மணியை மாட்டிக்கொண்டு, உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

*

மத்தியானம் சோற்று நேரத்தில், கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு தாரணி டேக் ஆபீசுக்கு வந்துவிட்டாள். வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

"கிறுக்கா உனக்கு? ஊசி போட்ட உடம்பு."

"பேசாம இதைப் பாருக்கா."

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நின்று போனைக் காட்டினாள். காலையில் பொன்ராணி அனுப்பியது. உகந்தா குனிகிறாள், அள்ளுகிறாள், வீசுகிறாள். மண் மண்ணாகவே இருந்தது. சொல் சொல்லாகவே இருந்தது. ருசிக்காமப் போக. மொளைக்காமப் போக. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

"இதம் ஏன் இதைத் தொடல?" என்றாள் தாரணி. "இதுக்கு அப்புறம் பொன்ராணி ஒண்ணு அனுப்பியிருக்கா. 'மிஷின்ல ஜாலியா இருக்கு'ன்னு வந்திருக்கு, அவ அப்படியா சொல்லியிருப்பா? உன்னோடது மட்டும் அப்படியே வருது."

டிபன் பாத்திரத்தைக் கழுவ வந்த ஜெபமணி அக்காள் எட்டிப் பார்த்தாள். ஆபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவள் அவள் ஒருத்திதான். படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏசுவே" என்றாள் மெதுவாக. "இது எங்க வேலைடி."

"என்னக்கா சொல்ற?"

"நீ வர்றதுக்கு முன்னாடி. ஒரு வெள்ளிக்கிழமை, பூராவும் இந்த மாதிரித் துண்டாவே வந்துச்சு. எங்கெங்கயோ உள்ள பொம்பளைக, மண்ண வாரித் தூத்துறாளுக. கேட்டா ஈரக்கொல நடுங்குது. 'சாபம்'னு ஒரு குறி இருந்துச்சு, அதைத்தான் போடணும். எவளுக்குமே கை வரல. சாபத்துக்கு இதுதான் சாபம்னு நம்ம கையால எழுதிக் குடுத்தா, அது எழுதுனவள ஒட்டிக்கிடாதா? நான் வேதக்காரிதான். எனக்கும் வரல."

"அதனால?"

"விளக்கை அணைன்னா சொல்றோம்? குளிர வையின்னுதான சொல்றோம். போறேன்னா சொல்றோம்? வர்றேன்னுதான சொல்றோம். அந்த மாதிரி, எல்லாத்துக்கும் 'வாழ்த்து'ன்னு போட்டுட்டோம். ஒருத்தி விடாம. எல்லாரும் ஒரே மாதிரிப் போட்டதால மேல யாரும் சந்தேகப்படல."

தாரணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். கை போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அப்ப இதத்தப் பொறுத்தமட்டுக்கும், காலையில அக்கா கம்பெனிய வாயார வாழ்த்தியிருக்கா."

"வாழ்த்துல கைவைக்க அதுக்கு என்ன இருக்கு?" என்றாள் ஜெபமணி. "அப்படியே கொண்டுபோயிக் குடுத்துரும்."

உகந்தா சிரிக்கவில்லை. பொன்ராணி மிஷினில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. "போன எங்கிட்டக் குடு" என்றாள். "கூடத்துல படம் எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லு. நீ மண்ண அள்ளு."

"நானா? எனக்குச் சாபமெல்லாம் வராதுக்கா."

"சாபம் வேணாம். நடந்ததச் சொல்லு. மண்ணு கையில இருக்கட்டும், கடைசியில ஒரு சொல்லு 'போக'ன்னு முடியட்டும். அது போதும்."

கொட்டகை ஓரத்து மண்ணைத் தாரணி வலது கையால் அள்ளினாள். கட்டுப்போட்ட இடது கையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். பிறகு பேசினாள்.

"மாரிக்கண்ணன் முதலாளி, நான் தாரணி. பஞ்சிங் மிஷின்ல கம்பி ஒடிஞ்சு கெடக்குன்னு எல்லாரும் உங்களுக்குச் சொன்னோம். உங்க காதுக்கு அது வேற மாதிரி வந்திருக்கு. மண்ண அள்ளி வீசிச் சொல்றது மட்டும்தான் மாறாம வருது. நான் நிறுத்துன்னு கத்துனது, தோதுப்பட்டப்ப நிறுத்துன்னு போயிருக்கு. இந்தா, எனக்கு மூணு வெரலு இல்ல. இப்ப அந்த மிஷின்ல பொன்ராணி உக்காந்திருக்கா. இதக் கேட்டும் மிஷின நிறுத்தலைன்னா உங்க குடி இந்த மண்ணாப் போக."

வீசினாள். காற்று எதிரே இருந்ததால் பாதி மண் அவள் தலையிலேயே விழுந்தது. உகந்தா அதை அப்படியே அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. தாரணி எடுத்தாள். மாரிக்கண்ணன் முதலாளி குரல் தேனாக வழிந்தது: "வணக்கம்மா, உங்கள் செய்தி கிடைத்ததில் மகிழ்ச்சி, எல்லாம் நன்றாக இருக்கிறது." அந்தப் பக்கம் அவர் அழுதாரா, கத்தினாரா, மன்னிப்புக் கேட்டாரா, வேலையை விட்டு நீக்கினாரா, ஒன்றும் தெரியவில்லை. தாரணி போனையே முறைத்துப் பார்த்தாள்.

"என்ன சொல்றாருக்கா?"

"சொல்றது அவருன்னு யாரு சொன்னா?" என்றாள் உகந்தா.

அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் வரை உகந்தா திரையைப் பார்த்துக் குறி போட்டாள். என்ன குறி போட்டாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

ஷிப்ட் விட்டதும் பொன்ராணி நேரே டேக் ஆபீசுக்கு ஓடிவந்தாள். உகந்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நிறுத்தியாச்சு மதினி. டீ குடிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு. மொதல்ல முதலாளி தங்கப்பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டிருக்காரு. 'வசதிப்பட்டா மிஷினைக் கொஞ்சம் கவனிங்க'ன்னு வந்திருக்கு. இவரும் சரின்னு எண்ணெய் விட்டிருக்காரு. அப்புறம் இது வந்துச்சு."

போனில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனத்த மனிதர் ஏதோ ஒரு கட்டடத்தின் பின்புறம் வெட்ட வெளியில் நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பிடி மணல். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு, பேசிப் பழக்கமில்லாதவர் பேசுவது போலப் பேசினார். "ஏ தங்கப்பாண்டி. புதுக் கம்பி மாட்டி நான் நேர்ல வந்து பாக்கிற வரைக்கும் அந்த மிஷின்ல எவன் சுவிட்சப் போடுறானோ அவன் விளங்காமப் போக. அந்தப் பிள்ளை கை போற வரைக்கும் நேர்ல வந்து பாக்காம இருந்த நானும் விளங்காமப் போக." மணலை வீசினார். அது அவர் பளபளக்கும் ஷூவின் மேல் கொட்டியது.

"தன்னையும் சாபத்துல சேத்துக்கிட்டாரே" என்றாள் ஜெபமணி.

"சேத்துக்கிடட்டும்" என்றாள் தாரணி.

*

அதன் பிறகு அது பரவிய விதம் யாருக்கும் கட்டுப்படவில்லை. தண்ணீர் வராத தெருவில் பெண்கள் மண்ணோடு நின்றார்கள். பிரசவ வார்டில் மின்விசிறி ஓடவில்லை என்று ஓர் ஆள் பூந்தொட்டியிலிருந்து மண் எடுத்தான். மாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள், பாவம், மண்ணுக்கு எங்கே போவார்கள்? கோலமாவை வீசிப் பார்த்தார்கள். அதை இதம் ஏற்கவில்லை. கீழே இறங்கி வந்து அள்ளினார்கள். கல்யாணமான புதிதில் சொல்லாமல் விட்டதை ஒருத்தி புருஷனிடம் சொன்னாள். அவன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் அவனும் மண்ணோடு வந்தான். சில வீடுகள் உடைந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். உடைந்த வீட்டில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பழையபடி ஆகட்டும் என்று கேட்கவில்லை.

இதம் நடத்துகிறவர்களுக்கு விஷயம் எட்ட நேரமாகவில்லை. ஒரு காலையில் ஆபீஸ் பொறுப்பாளர் பிரின்ஸ் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். நல்ல பையன்தான்.

"அக்கா எல்லாரும் கேளுங்க. மேலேருந்து ஒரு திருத்தம் வந்திருக்கு. இந்த மண்ணு விஷயம்தான். தமிழ்ல ஒரு குறி தப்பாப் போயிருக்காம். எல்லாத் துண்டையும் திரும்ப அனுப்பியிருக்காங்க. 'சாபம்'னு மாத்திக் குடுத்தா இதம் அதையும் பிடிச்சிரும். இந்தத் தடவை ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதணும், கீழ உங்க பேரு வரும். தப்பாப் போடுறவங்க வேலையில இருக்க முடியாது. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"வேற ஆளுகள வச்சுப் போடலாமே" என்றாள் ஜெபமணி.

"வேற யாருக்கா காது கெடாம இருக்கா?"

உகந்தா தன் இடத்தில் உட்கார்ந்தாள். இந்த வேலையும் போனால் வீட்டில் இரண்டு பேரும் வேலையில்லாதவர்கள். வேறு எந்த ஆபீசும் அவள் பேச்சைத் தாங்காது. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். திரையைத் தட்டினாள். முதல் துண்டாக வந்தவள் தாரணி. கட்டுப்போட்ட கை, தலையெல்லாம் மண்.

கீழே இரண்டு பெட்டிகள். வாழ்த்து. சாபம்.

பின்னால் பிரின்ஸ் வந்து நின்றார். "உங்க தங்கச்சியாக்கா?"

"ஆமா."

"யோசிச்சுப் போடுங்க."

"முன்னாடி இருந்தவுக யோசிக்காமப் போட்டாக" என்றாள் உகந்தா. "பயந்து போட்டாக. இன்னைக்கு எனக்குப் பயமில்ல."

'வாழ்த்து' என்பதைத் தட்டினாள். அந்தச் சத்தம் மண்டபத்தில் தனியாகக் கேட்டது. ஜெபமணியின் பக்கம் இன்னொன்று கேட்டது. பிறகு அடுத்த வரிசை. பிறகு அதற்கடுத்தது. பிரின்ஸ் யாரையும் தடுக்கவில்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

திரை காரணம் கேட்டது. உகந்தா சுற்றி வளைத்து எழுதத் தெரியாதவள். இப்படி எழுதினாள்:

பொன்ராணிக்குப் பத்து விரலும் இருக்கிறது.